ஞாயிற்றுக்கிழமைத் துணை

செல்லூர், மதுரை
புதன்கிழமை

அன்புள்ள ஆர்த்திகா அப்பாவுக்கு,

ஹம்சவேணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், ஆர்த்திகா, அத்தை, மாமா எல்லோரும் சுகம். உங்கள் சுகம் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க.

முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை உங்கள் ஃபேக்டரி கேன்டீனில், நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்து படியுங்கள். அறையில் வேண்டாம். வாய்விட்டுப் படிக்க வேண்டாம். கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டே படியுங்கள், பரவாயில்லை.

வீட்டுச் சேதி பெரிதாக ஒன்றுமில்லை. மாமாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ஆர்த்திகாவுக்கு முன்பல் ஆடுகிறது. அதை ஆட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போகிறாள். பக்கத்து வீட்டு விசைத்தறி பகலெல்லாம் ஓடி என் காதைத் தின்கிறது. பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் லீவில் வந்திருக்கிற ராஜபாண்டி தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். பொடி டப்பாவுக்கு அடியில்தான் இந்தக் கவர் இருக்கும். நாளை விமானம் ஏறுகிறார். வெள்ளிக்கிழமை உங்கள் கையில் சேர்த்துவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஊருக்குப் போன புதிதில் நீங்கள் அறையை விட்டு நகரவில்லை. மெஷின் பொருத்துகிற வேலை முடிந்தால் கட்டில், கட்டில் விட்டால் போன். பிரெஞ்சுக்காரன் ரொட்டியைத் திட்டியே ஒரு மாதம் ஓட்டினீர்கள். நான்தான் சொன்னேன், “ரூமுக்குள்ளயே கிடக்காதீங்க, ஊரைச் சுத்திப் பாருங்க” என்று. அப்படிச் சொன்ன நாக்கை இப்போது கடித்துக்கொள்கிறேன்.

சர்ச் வாசலில் நடைபாதைகளுக்கு ஒரு மேப் பலகை இருக்கிறது என்று சொல்லி, ஞாயிறுதோறும் கிளம்பினீர்கள். தண்ணீரில் ஓடிய பழைய மாவு மில், ஊர்ப் பெண்கள் ஒரு காலத்தில் துணி துவைத்த கூரை போட்ட கல் தொட்டி, வாதுமை மரச் சாலை, குன்று மேல் சின்னக் கோயில் மாதிரி ஒரு சர்ச் என்று படம் படமாக அனுப்பினீர்கள். மரத்திலும் பாறையிலும் மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டிருந்தால் அந்த வழியில் போகலாம், மஞ்சள் பெருக்கல் குறி போட்டிருந்தால் போகக் கூடாது என்று எனக்குப் பாடமே எடுத்தீர்கள். மாமா படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, “இம்புட்டுப் பச்சையா!” என்று தெருவெல்லாம் காட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் அந்தத் துணை வந்து சேர்ந்தது.

கல் தொட்டிப் பக்கம் போகும்போது யாரோ நம் பாஷையில் கூப்பிட்டார்கள் என்று சொன்னீர்கள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினாலே நம் சௌராஷ்டிர பாஷை பேச ஆள் கிடையாது. பிரான்சில், ஒரு பட்டிக்காட்டில், நம் பாஷை! அரை நாள் சந்தோஷப்பட்டேன். பெண் என்று நீங்கள் சொன்னதும் மீதி அரை நாள் வயிறு எரிந்தது.

பெயர் என்ன என்று கேட்டால், கேட்கவில்லை என்றீர்கள். எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்றால், “கேட்டா சிரிக்கிறாங்க” என்றீர்கள். ரொம்பப் பழைய பேச்சாக இருக்கிறது, பாதி வார்த்தை எனக்கே புரியவில்லை என்றீர்கள். வயதானவள் என்று நம்ப வைக்கப் பார்க்கிறார் மனிதர் என்று நினைத்தேன். அதுவரை வெறும் மரமும் பாதையுமாக வந்த படங்களில் அதற்குப் பிறகு நீங்கள் நின்றீர்கள். எல்லாவற்றிலும் முதுகைக் காட்டிக்கொண்டு, கொஞ்ச தூரத்தில். எடுப்பது அவள்தானே?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, ஒரு துப்பட்டா முனையாவது தெரிகிறதா என்று தேடினேன். வெயில், படம் எடுக்கிறவளின் முதுகுப் பக்கமிருந்து அடிக்கிறது. உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நீளமாகக் கிடக்கிறது. அவள் நிழல் விழ வேண்டிய இடத்தில் புல்தான் இருக்கிறது. கெட்டிக்காரி, ஒதுங்கி நின்று எடுக்கிறாள் என்று பல்லைக் கடித்தேன்.

போன வாரம் ராஜபாண்டி தம்பியின் தங்கச்சி கல்யாணத்துக்குச் சோழவந்தான் போனேன். உங்களோடு ஒரே அறையில் இருப்பவர், அவரிடம் கேட்டால் உண்மை வந்துவிடும் என்றுதான் போனேன். பந்தி முடிந்ததும் தனியாகக் கேட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. மண்டபத்துக்குப் பின்னால் அவர்கள் வெற்றிலைக் கொடிக்கால். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கூட்டிப் போனார். நல்ல பகலிலும் அங்கே இருட்டு, காலுக்கடியில் ஈரம்.

“மதினி, ஒரு ஞாயித்துக்கெழம நானும் அண்ணன்கூட நடக்கப் போனேன்” என்று ஆரம்பித்தார். கல் தொட்டிப் பக்கம் நீங்கள் நின்று, வலது கைப்பக்கம் திரும்பி நம் பாஷையில் பேசினீர்களாம். காதில் ஏதோ மாட்டிக்கொண்டு என்னோடு பேசுகிறீர்கள் என்று அவர் நினைத்தாராம். மேலே பெஞ்சு போட்ட இடத்தில் உங்கள் போனை அந்தப் பக்கமாக நீட்டினீர்களாம். கையை எடுத்துவிட்டு, நடந்து போய்க் கைப்பிடிச் சுவரோரம் முதுகைக் காட்டி நின்றீர்களாம்.

“போனு கீழ விழுகல மதினி” என்றார். “அந்தரத்துல அப்பிடியே நின்னுச்சு. அங்கன ஒரு ஆளும் இல்ல.”

அன்றே உங்களிடம் கேட்டாராம். “அவுக வெக்கப்படுறாக, ஓம் முன்னாடி பேச மாட்டாக” என்று நீங்கள் சிரித்தீர்களாம். அதோடு அவர் உங்களுடன் நடக்க வருவதில்லை.

நான் நம்பவில்லை. வயசுப் பிள்ளை, குடித்திருக்கும் என்று நினைத்தேன். சோதித்துப் பார்க்கத்தான் இந்த ஞாயிறு மத்தியானம், சுட்டெரிக்கிற வெயிலில், மொட்டை மாடிக்குப் போய் உங்களைக் கூப்பிட்டேன். உங்களுக்கு அப்போது காலை. நடந்துகொண்டிருந்தீர்கள். ஸ்பீக்கரில் போட்டீர்கள். எப்போதும்போல் நம் பாஷையில் பேசினோம். நான் பேசப் பேச உங்கள் பக்கத்தில் ஒரு மூச்சு கேட்டது. என் வார்த்தைகளைக் கூடவே சொல்லிப் பார்ப்பதுபோல இருந்தது.

திடீரென்று தமிழுக்கு மாறினேன். “ஏங்க, பக்கத்துல நிக்கிறது யாரு?” என்றேன். அந்த மூச்சு நின்றுவிட்டது. “நீ என்ன சொன்னேன்னு கேக்குறாங்க” என்றீர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாதா என்றேன். “தெரியாதாம்” என்றீர்கள், ஏதோ உப்புப் போதாது என்று சொல்வதுபோல. பிறகு நான் கேட்டதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னீர்கள். அவர்கள் சிரித்தார்கள். சிரிப்பை நானும் கேட்டேன்.

இறங்கி வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். நம்மவர்களில் தமிழ் தெரியாதவர் யார்? திருப்பதிப் பக்கத்து ஆளாக இருக்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு மாமாவிடம் ஜாடையாகக் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நம்ம ஆளுங்க அந்தக் காலத்துல வடக்கேயிருந்து தலைமுறை தலைமுறையா நடந்துல்ல வந்தாங்க. மதுரை வந்து சேராம வழியிலேயே நின்னுபோனவங்க எம்புட்டுப் பேரோ. அவங்களுக்குத் தமிழ் ஏது?” சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். எனக்குக் கையிலிருந்த பாத்திரம் ஜில்லென்றாகிவிட்டது. அவர்கள் எதற்காக நீங்கள் இருக்கும் அந்த ஊர் வரைக்கும் வர வேண்டும்? எனக்குத் தெரியவில்லை. வழி தவறியவர்களுக்கு எந்த ஊர் வழியானால் என்ன?

அதே போனில் இன்னொன்றும் சொன்னீர்கள். வருகிற ஞாயிறு, குன்று சர்ச்சைத் தாண்டி, பெருக்கல் குறி போட்ட பாறைக்கு அந்தப் பக்கம் போகப் போகிறீர்களாம். அவர்கள் ஆட்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்களாம். ரொம்பக் காலமாக உங்களை எதிர்பார்த்திருக்கிறார்களாம். அந்தக் குறிக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தவரே நீங்கள்தானே!

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று இப்போது புரியும். அறை வாசல் வரை அவர்கள் வந்து விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நேற்று சொன்னீர்கள். நான் தமிழில் பேசினாலும் நீங்கள் எடுத்துச் சொல்லிவிடுகிறீர்கள். போனில் எழுதி அனுப்பினால் அவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே வாய்விட்டுப் படித்துவிடுவீர்கள். தாளில் தமிழில் இருந்தால், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாலும் அவர்களுக்கு விளங்காது.

போகாதீர்கள். ஞாயிறு விடிந்ததும் ராஜபாண்டியோடு பஸ் பிடித்து ஏதாவது பெரிய ஊருக்குப் போய், கடைத்தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக இருங்கள். அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். யார் கூப்பிட்டாலும் நம் பாஷையில் பதில் சொல்லாதீர்கள். தமிழில் பேசுங்கள். கான்ட்ராக்ட் முடியாவிட்டாலும் தீபாவளிக்கு வந்துவிடுங்கள். வேலை போனால் போகட்டும், இங்கே கஞ்சியோ கூழோ சேர்ந்து குடிப்போம்.

நான் நினைப்பதெல்லாம் பைத்தியக்காரத்தனம், நிஜமாகவே அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்றால், அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ராஜபாண்டியும் உங்களோடு சேர்ந்து பொய் சொன்னார் என்றால் அவரையும் மன்னித்துவிடுகிறேன். அழுவேன், கத்துவேன், ஆர்த்திகாவைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவேன். நீங்கள் வந்து கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவேன். இந்த மூன்று நாளாக மீனாட்சி சன்னதியில் நின்று, என் புருஷனுக்கு இன்னொரு பெண் இருக்க வேண்டும் தாயே, ரத்தமும் சதையுமாக ஒருத்தி இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள்
ஹம்சவேணி