யூனியின் காதுக்குள் நான்

நவம்பர் 25, திங்கள்

மூன்றாவது காதுமூடியும் போச்சு. இரண்டு பக்கமும் பஞ்சு உருண்டை, நடுவில் வளையம். யூனி அதை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு வந்து, "அது தூங்குது, எழுப்பாத" என்கிறாள். என் ஆறு வயது மகளுக்கு நல்ல சாமர்த்தியம்தான். எனக்குத்தான் சிரிக்கத் தெம்பில்லை.

டிசம்பர் 28 என் தங்கை சினேகாவுக்குக் கல்யாணம். குன்னூரில், மாப்பிள்ளை வீட்டார் போகும் சர்ச்சில். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கு நாங்கள்தான். அப்பா இடத்தில் நின்று அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போகப் போவது என் வீட்டுக்காரர் மெர்வின். அதனால் அவர் போயே ஆக வேண்டும். நான் போவேனா? அதை யூனியின் காதைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

குளிர்காற்று பட்டால் அவளுக்குக் காதில் ஊசி குத்துகிற மாதிரி. போன வருஷம் ஏற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆரம்பித்த அலறல், மலை இறங்கும்வரை ஓயவில்லை. காதைத் திறந்து விட்டாலும் அலறல், மூடினாலும் அலறல். நான் என்னதான் செய்வது?

நவம்பர் 27, புதன்

சிட்லபாக்கம், யூனிக்குத் தெரபி. சுஜி மேடம் நல்ல மனுஷி. "வெளிச் சத்தம் குறைஞ்சா இந்த மாதிரிக் குழந்தைங்களுக்கு ரிலாக்ஸ்டா இருக்கும். கொஞ்சம் திக்கா வாங்கிப் பாருங்களேன்" என்றார்.

சரி, திக்காக.

நவம்பர் 30, சனி

தாம்பரம் மார்க்கெட். நடைபாதையில் ஸ்வெட்டர் கடை போடுகிற ரோஸியக்கா என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"இன்னாமா, திரும்பவும் நீயா? போன வாரம் எட்துகினு போனது இன்னா ஆச்சு?"

"கடிக்குதாம்க்கா."

"கம்பளின்னா கடிக்கத்தான் செய்யும். இத்தப் பாரு, உள்ளார வெல்வெட்டு கீது. மாட்டிவுட்டா இடி வுழுந்தாகூட புள்ளைக்குக் கேக்காது."

அதை நம்பி வாங்கினேன். லேபிளை வெட்டினேன். வெட்டிய இடத்தில் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்த நூலைக்கூட ஊசியால் பிரித்து எடுத்தேன். இரண்டு தடவை வெந்நீரில் அலசினேன்.

பதினோரு வினாடி. நான் எண்ணினேன். அதன் பிறகு பிய்த்து எறிந்துவிட்டு, "உள்ள யாரோ நடக்கறாங்க" என்று சுவரோடு ஒண்டிக்கொண்டு அழுதாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

சினேகா இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

"ஜென்சி, பேசாம நீயும் யூனியும் இங்கயே இருந்துடுங்களேன். யூட்யூப்ல லைவ் போடுவாங்க. பாத்துக்கலாம்" — சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார் மெர்வின். கூடவே, "ரசம் இருக்கா?"

என் கூடப்பொறந்தவ கல்யாணத்த நான் போன்ல பாக்கணுமா? தாலி கட்டற நேரத்துல நெட் சுத்திக்கிட்டு நிக்கும், அத நான் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணுமா? வாயில வந்தத எல்லாம் சொல்லிட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

ஸ்கூல் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இந்த மேடவாக்கம் ஃப்ளாட்டில் நான் பார்க்கிற வெளியுலகம் பால்கனிக்குக் கீழே வந்து நிற்கிற தண்ணீர் லாரி. அதன் டிரைவருக்குக்கூட தினமும் போய்வர நாலு தெரு இருக்கிறது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அவர் "இருந்துடுங்க" என்றபோது ஒரு நொடி நிம்மதியாகவும் இருந்தது. சொந்தக்காரர்கள் முன்னால் யூனி அலறுவாள், எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தத் தொல்லை இல்லை. சே. என்ன அக்கா நான்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தது தப்புதான். திறந்திருந்ததால்தான் பார்த்தேன்.

சர்ச்சில் ஆயர் ஜெபிக்கலாம் என்றதும் வழக்கம்போல முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் யூனி. மிச்சம் தொங்கிய முந்தானையைத் தன் தலைக்கும் இழுத்து, இரண்டு காதும் மூடும்படி தாடைக்குக் கீழே கையால் பிடித்துக்கொண்டாள். மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. ஆயரின் ஜெபமோ ஊரில் இருக்கிற வியாதியஸ்தர் அத்தனை பேரையும் தொட்டுவிட்டுத்தான் முடியும். முடியும்வரை அவள் அசையவில்லை. கடைசியில் சபையோடு சேர்ந்து கர்த்தருடைய ஜெபத்தை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். அப்படியென்றால் எல்லாம் கேட்டிருக்கிறது!

வீட்டுக்கு வந்து கேட்டேன். "யூனி, அம்மா சேலை மட்டும் எப்படிடா பரவால்ல?"

"இதுல நீ பேசறது கேக்குது. அதுலல்லாம் நீ காணாம போயிடற."

அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தேடித் தேடி நான் வாங்கியது எல்லாம் என் குரலை அடைக்கிற சாமானா? ஒரு தடவையாவது அவளையே கேட்டிருக்கலாமே. கேட்டால் பதில் சொல்லுகிற பிள்ளைதானே.

டிசம்பர் 9, திங்கள்

அந்தச் சேலையையே வெட்டிவிட்டேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி, கடையில் எங்கே கிடைக்கும்? மெஷினில் தைத்தால் தையல் விறைத்துக்கொள்ளும் என்று காதுமூடி ஒன்றைக் கையாலேயே தைத்தேன். தையல் வெளிப்பக்கம். எலாஸ்டிக் கிடையாது, தாடைக்குக் கீழே தளர்வாக ஒரு முடிச்சு.

டிசம்பர் 12, வியாழன்

ஒரு மடிப்பு போட்டால் காற்று உள்ளே போகிறது. மூன்று மடிப்பு என்றால் "அம்மா காணோம்". இரண்டு மடிப்பு.

காலை ஆறு மணிக்கு மெர்வின் அவளை பைக்கில் உட்கார வைத்து முடிச்சூர்வரை போய் வந்தார். நான் கேட்டருகே நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்: "வழி பூரா பேச்சு. பனி பாத்தியா டாடி, நாய் பாத்தியா டாடின்னு."

மேடவாக்கம் குளிர் வேறு, குன்னூர் குளிர் வேறு. தெரியும். இருந்தாலும் சினேகாவுக்கு நானே போன் செய்தேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

மேட்டுப்பாளையம் ரயில் டிக்கெட்டை எடுத்துக் காட்டச் சொன்னேன். ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. மெர்வின். அக்டோபரிலேயே போட்டது.

"நீங்க ரெண்டு பேரும் எப்படியும் வர மாட்டீங்கன்னு நெனச்சேன்..."

நான் மார்க்கெட் மார்க்கெட்டாக அலைந்துகொண்டிருந்த அத்தனை நாளும் இவர் முடிவு பண்ணிவிட்டுத்தான் வேடிக்கை பார்த்திருக்கிறார். கத்தக்கூட இல்லை நான். டிக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னேன்: "நானும் யூனியும் போறோம். எப்படின்னு நீங்க பாருங்க."

ஒரு மணி நேரம் பால்கனியில் போனோடு நடந்தார். கூட வேலை பார்க்கிற உமேஷின் காரைக் கேட்டிருக்கிறாராம். ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்.

டிசம்பர் 24, செவ்வாய்

இன்னும் இரண்டு தைத்தேன். நனைந்தால் ஒன்று, தொலைந்தால் ஒன்று. சேலையில் இனிமேல் கொசுவத்துக்குக்கூடத் துணி இல்லை.

டிசம்பர் 27, வெள்ளி, குன்னூர்

காரை விட்டு இறங்கியதும் முகத்தைச் சுளித்தாள். "அம்மா, பேசு" என்றாள். பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, வாய்க்கு வந்ததை எல்லாம் பேசிக்கொண்டே நடந்தேன். கழற்றவில்லை.

டிசம்பர் 28, சனி

போட்டிருக்கிறாள். எழுத நேரமில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

சினேகா கல்யாணப் படங்களை அனுப்பியிருக்கிறாள், நானூற்றுச் சொச்சம். யூனி ஸ்கூலுக்குப் போன பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் இருக்கிற எல்லாப் படத்திலும் முகம் பக்கவாட்டில் இருக்கிறது, கழுத்து யூனி இருக்கும் பக்கம் திரும்பியிருக்கிறது. தாலி கட்டும்போதுகூட அப்படித்தான். எனக்கே எரிச்சல்.

ஒன்றே ஒன்றில் மட்டும் நேராகப் பார்க்கிறேன். சினேகா என் காதில் ஏதோ சொல்ல, நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடினேன். அதில் யூனி இல்லை.

அந்த நேரத்தில் அவள் எங்கே இருந்தாள், யாரோடு இருந்தாள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.