ஸ்டெல்லா கேட்டது

நவம்பர் 1991, வெள்ளி இரவு.

ஸ்டெல்லாவுக்கு எங்கள் கம்பெனியில் இன்று கடைசி நாள். திங்கள் முதல் நசரத்பேட்டையில் வேறு வேலை. நான் படிக்கக் கொடுத்திருந்த ஜப்பானிய நாவலை அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் திருப்பித் தந்தாள்.

"இன்னா சார் இந்த ஆளு? ராத்திரி பூரா டோக்கியோல தனியா சுத்திகினே கீறான். அந்த ஓட்டல் பொண்ணு தெனம் அவனுக்காக லைட்டை அணைக்காம காத்துகினு கீது. ஒரு வார்த்தை பேசினா இன்னாவாம்?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பெருநகரத்துத் தனிமை, ஜப்பானிய எழுத்தில் மௌனம் என்று விளக்கிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நான் கதையைப் பத்திக் கேக்கலை சார்" என்றாள்.

அதற்குள் பூந்தமல்லி பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். நானும் போக வேண்டிய பஸ்தான் அது. ஏன் ஏறாமல் நின்றேன் என்று இன்னும் புரியவில்லை.

அறைக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. நாவலைப் பிரித்தால் அவள் தலையில் வைக்கும் எண்ணெய் வாசனை லேசாக அடிக்கிறது. நசரத்பேட்டை ஒன்றும் தூரமில்லை. ஆனால் இனி அவள் எதிரே போய் நின்று என்னவென்று ஆரம்பிப்பேன்?