துணி மெஷினில் பிழிந்த மரவள்ளி

அன்புள்ள தங்கை எவரிஸ்டாவுக்கு,

சிகாகோ குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் குமட்டிக்கொண்டு வருகிறது. அப்பாவுக்குப் படையல் வைக்கும் சடங்கு சனிக்கிழமை நடக்கவில்லை. ஊரார் கண்டபடி போனில் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

அப்பா மூன்று முறை கனவில் வந்து பசிக்கிறது என்றார். படைக்காமல் விட்டால் வீட்டில் யாராவது படுத்துவிடுவார்கள் என்று, சடங்கு நடத்தும் லோர்னா அம்மாள் நாள் குறித்தாள். ஆறு பெண்கள் கசப்பு மரவள்ளியைத் தோண்டி, தோலுரித்து, இரண்டு நாள் பலகையில் துருவினோம். என் விரல் முட்டியெல்லாம் தோல் போய்விட்டது.

துருவலைப் பிழிய மாமரத்தடிக்குப் போனால், விஷச் சாறு வடிய அங்கே தொங்கவிடும் ருகுமாவை, அப்பா கையால் பின்னிய அந்த நீளப் பிரம்புக் குழலை, காணவில்லை. எங்கே என்று என் புருஷனை, உன் மச்சான் பந்தலியோனை, பிடித்து உலுக்கினேன். ஒரு பெட்டி ரம்முக்குக் கடற்கரை ஹோட்டல்காரனிடம் கொடுத்துவிட்டானாம். அவன் அதைச் சுவரில் அலங்காரமாக மாட்டியிருக்கிறான். மனிதனா இவன்? நான் ஹோட்டலுக்கு ஓடினேன். முதலாளி ஊரில் இல்லை, கழற்ற முடியாது என்று அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

நான் திரும்புவதற்குள் இவன் துருவலைத் தலையணை உறைகளில் அடைத்து, நீ அனுப்பிய துணி மெஷினில் போட்டுச் சுற்றவிட்டிருக்கிறான். முந்தின நாள்தான் மீன் குடல் எடுத்தபோது போட்டிருந்த கால்சட்டையை அதில் துவைத்தான். குழாய் வழியாக வந்த மரவள்ளியின் விஷச் சாற்றைக் குடித்து நான்கு கோழிகள் செத்தன. இவனுக்கு அதுவும் உறைக்கவில்லை. "ராத்திரி பூரா தொங்கவிடுற வேலைய அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டேன் பாரு" என்று மாப்பிள்ளை மாதிரி நிற்கிறான்.

விவரம் தெரியாத பெண்கள் அதைச் சலித்து, பாதி எரேபா ரொட்டியைக் கல்லில் சுட்டுவிட்டார்கள். ஒரு விள்ளல் வாயில் வைத்தேன். சோப்பு. அதற்கு அடியில் மீன் நாற்றம். கொல்லையில் போய்த் துப்பினேன். லோர்னா அம்மாள் முகர்ந்து பார்த்துவிட்டு, "செத்தவருக்கு இத வச்சா எழுந்து வந்து நம்ம வாயக் கழுவி விடுவாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தேன். அவன் தின்ற தட்டைத் தொடவே எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஆறு பேரும் ஹோட்டலுக்குப் போய், வாசலை அடைத்துக்கொண்டு நின்றோம். மத்தியானத்துக்குள் ருகுமாவைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஒரே சிகரெட் வாடை. தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டிருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பாவை அடக்கம் செய்த வாரம் நீ வரவில்லை, அந்த மெஷின்தான் வந்தது. அக்கா கை நோகக் கூடாது என்று எழுதியிருந்தாய். அன்றைக்கும் எனக்கு இதே குமட்டல்தான். நல்ல வார்த்தையாக நாலு வரி எழுதி உனக்கு அனுப்பினேன். இந்தச் சடங்குக்கும் லீவு இல்லை என்று சோப்புத்தூள் பெட்டிதான் அனுப்பினாய்.

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை மறுபடி நாள் குறித்திருக்கிறோம். உனக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. கனவில் அப்பா ரொட்டியை அப்புறம்தான் கேட்கிறார். முதலில் கேட்பது, "சின்னவ எங்கடி?" என்றுதான். மூன்று முறையும், வழியில் இருக்கிறாள் என்று சொன்னேன்.

வா. வர முடியாதென்றால் அதையாவது உன் கையால் எழுதி அனுப்பு, அவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் உன் பிள்ளைகளைக் காக்கட்டும்.

உன் அக்கா,
சிமியோனா