இடப்பக்கக் கைப்பிடி

மேனாம்பேடு, அம்பத்தூர்
9.2.2025

அன்புத் தம்பி தினகரனுக்கு,

அக்கா விஜி எழுதுவது. செல்போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்காதே. இப்போதெல்லாம் எனக்கு வார்த்தை நாக்கில் நின்று நின்றுதான் வருகிறது. நான் தேடி எடுப்பதற்குள் நீ முந்திக்கொண்டு சொல்லி முடித்துவிடுகிறாய். முக்கால்வாசி நேரம் நான் சொல்ல வந்தது அதுவே இல்லை. தாளில் யாரும் குறுக்கே பேச முடியாது பார்.

நரம்பு டாக்டர் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாம். இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறேன். ஒன்று இரண்டாகத் தெரிவதால் கம்பெனியில் வால்வு சோதிக்கும் மேஜையிலிருந்து என்னை எடுத்துப் பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். வயிறெரிகிறது. வீட்டு மாடிப்படி ஏறுவது அதைவிடப் பெரும்பாடு. ஏறும்போது கைப்பிடி இடப்பக்கம் வருகிறது. என் இடது கைக்கோ பிடிப்பே இல்லை.

நீ மூளை ஆராய்ச்சிதானே செய்கிறாய்? எனக்கு என்ன ஆகிறது என்று புரியும்படி எழுது. முடிந்தால் ஒரு தடவை வந்து போ.

அன்பு அக்கா,
விஜி

ஜெர்மனி
2.3.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

நீ கேட்டதும் கை பரபரத்தது. எங்கள் லேபில் நாங்கள் பார்ப்பதே இதைத்தான்.

காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால் ரத்தம் உறைந்து நிற்கிறதே, அதற்கு உதவுவது ஃபைப்ரினோஜன் என்ற புரதம். ரத்தக் குழாய்க்குள் இருக்கும்வரை அது நல்ல பிள்ளை. உன் நோயில் மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் கசிகிறது. அந்தப் புரதம் உள்ளே நுழைந்து, நூல் நூலாகத் திரிந்து ஒட்டிக்கொள்கிறது. மூளையின் காவல் செல்கள் அதைப் பார்த்து மிரண்டு அழற்சியைக் கிளப்புகின்றன. நரம்பின் மேலுறை அதில் பாழாகிறது. அந்த நூலை மட்டும் தடுத்துவிட்டால் எங்கள் எலிகள் எவ்வளவு நன்றாக நடக்கின்றன தெரியுமா அக்கா? மீதி மூன்று பக்கங்களில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

இந்த வருஷம் லீவு கிடைப்பது கஷ்டம். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
தினகரன்

மேனாம்பேடு
20.4.2025

தினகரனுக்கு,

உன் கடிதத்தை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் இல்லையா? "ரத்தம் உறைய வைக்கிறதுதான உள்ள பூந்து வம்பு பண்ணுது? அதுக்கு மாத்திர நம்ம ஊட்லயே கீதும்மே" என்று தினமும் எனக்கும் ஒன்று கொடுத்தார். கட்டின மனுஷனைச் சொல்லிக் குற்றமில்லை. நானும்தான் முழுங்கினேன். எலி நடக்கிறது என்று எழுதியிருந்தாயே.

கையெல்லாம் கன்றிப்போய், ஈறில் ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அது இந்த நோய்க்கான மருந்தே இல்லை, தான் எழுதிக் கொடுத்த ஊசியை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொள் என்று டாக்டர் காய்ச்சி எடுத்துவிட்டார். உன் மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை, என் முகத்தைப் பார்ப்பதுமில்லை. திருடனைக் காட்டிக்கொடுத்த நீ, அவனைப் பிடிக்கிற போலீஸ் இன்னும் வேலைக்கே சேரவில்லை என்பதை எழுதியிருக்கக்கூடாதா?

நாலு பக்கம் எழுதினாய். எலி எப்படி நடக்கிறது என்று இருக்கிறது. உன் அக்கா எப்படி நடக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. எலி இல்லாமல் எழுத முடிந்தால் எழுது, இல்லாவிட்டால் வேண்டாம்.

விஜி

ஜெர்மனி
18.5.2025

அக்கா,

உன் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். கைப்பிடி இடப்பக்கம் என்று எழுதியிருக்கிறாய். இப்போதுதான் கண்ணில் பட்டது.

மாமாவிடம் தப்பு என்னுடையது என்று சொல். ஜூலையில் லீவு சொல்லிவிட்டேன். வலப்பக்கம் ஒரு கைப்பிடி நானே போட்டுத் தருகிறேன். சுவர் செங்கல்லா, கான்கிரீட்டா? இப்போது எப்படி ஏறுகிறாய்?

தினகரன்

மேனாம்பேடு
8.6.2025

அன்புத் தம்பிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

கைப்பிடி போட நீ வர வேண்டாம். கீழ்வீட்டு முகமது ஆசிக் அண்ணன் போன மாதமே குழாயை வெல்டிங் செய்து வலப்பக்கம் பொருத்திவிட்டார். சுவரைத் துளைத்தது உன் மாமா. அன்றைக்குத்தான் பழையபடி என் முகத்தைப் பார்த்துப் பேசினார். நீ கேட்கும்வரை நான் கீழேயே நிற்க முடியுமா? என் கோபம் இன்னும் தீரவில்லை.

எப்படி ஏறுகிறாய் என்று கேட்டாயே, அதற்காக வா. நான் ஏறும்போது பின்னால் வா. நடுப்படியில் நின்றுவிட்டால் கை கொடுக்காதே, அடுத்த படி இது என்று சொல்லாதே. நான் காலை எடுக்கும்வரை நீயும் நில்.

உன் அக்கா,
விஜி