செம்பு மலையில் நீங்கள் தண்ணி லாரி ஓட்டிய பாதை

என் அருமை அத்தானுக்கு,

அன்னைக்கு வண்டியில யார் யார் இருந்தோம்னு முதல்ல சொல்லிடுறேன். நம்ம மகன் செந்தில், மருமகள் கலா, பேத்தி நிவேதா, உங்க கேம்ப்ல சமையல் பார்த்த கீழக்கரை சாகுல் பாய், அப்புறம் நான். ஓட்டுனது நிவேதா. நம்ப மாட்டீங்க, ஆனா அவள்தான்.

அஜ்மான்ல செந்தில் வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஆகுது. பாய் இப்ப முவைலாவுல கடை வச்சிருக்கார். என்னைப் பார்க்க வந்தவர், அண்ணாச்சி தண்ணி லாரி ஓட்டுன செம்பு மலையைப் பார்க்க வர்றீங்களா மதினின்னு கேட்டார். வேண்டாம்னா சொல்வேன்? நம்ம மகள் ராசாத்தி காதுகுத்துக்கு உங்களை வரவிடாம பிடிச்சு வச்ச இடம் எதுன்னு என் கண்ணால பார்க்கணும்னு எத்தனை வருசமா இருந்தேன். ஏன் வரலைன்னு கேட்டதுக்கு, "மறந்துட்டேன்"னு கடுதாசிக்குப் பதிலா நாம பேசி அனுப்பிக்கிட்ட கேசட்ல ஒத்தை வார்த்தை சொல்லி அனுப்புனீங்க. பெத்த பிள்ளை காதுகுத்தை ஒரு மனுசன் எப்படி மறப்பான்?

சனிக்கிழமை விடியும்போதே கிளம்பி ஓமன் எல்லையைத் தாண்டினோம். தார் ரோடு முடிஞ்ச இடத்துல நிவேதா இறங்கி நாலு டயர்லயும் காத்தை இறக்குனாள். நல்லா இருக்கிற டயரை ஏன்டி கெடுக்கிறேன்னு சத்தம் போட்டேன். காத்து குறைஞ்சாத்தான் மணல்லயும் கல்லுலயும் டயர் பிடிக்கும் ஆச்சின்னாள்.

அதுக்கப்புறம் கேளுங்க. வண்டி ஒரு பக்கமா சாயுது, பாறை மேல ஏறுது, தண்ணி இல்லாத ஓடைக்குள்ள தொப்புன்னு இறங்குது. கலா கண்ணை மூடிக்கிட்டு முருகனைக் கூப்பிடுறாள். செந்தில் கைப்பிடியில தொங்கிக்கிட்டு, மெதுவா, மெதுவான்னு மகளைக் கெஞ்சுறான். எனக்கு முன் சீட்டு. பயமா, எனக்கா? ஒரு ஏத்தத்துல வண்டி நின்னு பின்னால வழுக்குச்சு. நிவேதா கியரை மாத்தி ஒரே மிதி, ஏறிடுச்சு. இறங்கி இன்னொரு தடவை ஏறுன்னேன். நிஜமாவே ஏறுனாள். செந்தில் என்னைப் பின் சீட்டுக்கு வரச் சொன்னான்.

மலையையும் பார்த்துட்டேன் அத்தான். கருகருன்னு கல்லு குவிஞ்சு கிடக்கு. ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முன்னாடி செம்பை உருக்கி எடுத்துட்டுக் கொட்டின கசடாம். அதுக்குப் பக்கத்துல உங்க கம்பெனி தோண்டுன பள்ளம். பாறையெல்லாம் பச்சை பூத்து, புளி போட்டுத் தேய்க்காத நம்ம வீட்டுச் செம்புக் குடம் மாதிரியே இருக்கு. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், கை வலிக்கிற வரைக்கும்.

இறங்கி வரும்போது ஒரு வளைவுல பாய் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கிடுகிடு பள்ளம்.

"அண்ணாச்சி போயி நாலு வருசம் ஆச்சு, இனியும் மறைக்க வேண்டாம். இங்கதான் மதினி அவர் லாரி பிரேக் பிடிக்காம பாறையில மோதுச்சு. காதுகுத்துக்குப் பத்து நாள் இருக்கு. டிக்கெட் கையில இருக்கு."

இடது கை முறிஞ்சு, விலா எலும்பு ரெண்டு போயி, ரெண்டு மாசம் மாவுக்கட்டாம். பிள்ளைகளோட தனியா கிடக்கிறவ பயந்துருவா, யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு ரூம்ல இருந்த எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினீங்களாம்.

அப்பத்தான் என் கேசட் வந்திருக்கு. ரூமுக்கே ஒரு டேப் ரிக்கார்டர், யார் வீட்டுக் கேசட் வந்தாலும் எல்லாரும் சுத்தி உக்காந்து கேக்கிறதுதான் அங்க வழக்கமாம். எனக்கு யார் சொன்னா? உங்க காதுக்கு மட்டும்னு நினைச்சு அரை மணி நேரம் திட்டி வச்சிருந்தேன். பாய் இன்னும் மனப்பாடமா ஒப்பிக்கிறார்: "ஏசி வண்டியில சாய்ஞ்சு உக்காந்திருக்கிற துரைக்கு, மகளுக்குக் காது இருக்கிறது ஞாபகம் இருக்கா?" கலா சிரிச்சிட்டாள். எனக்கு அந்தப் பள்ளத்துல குதிச்சிடலாமான்னு இருந்துச்சு.

அதைக் கேட்டுட்டு உங்க அண்ணாச்சி என்ன சொன்னார்னு பாய்கிட்ட கேட்டேன்.

"திரும்பப் போடுன்னாரு மதினி. கட்டுப் போட்ட கையோட மூணு தடவை கேட்டாரு. குரல் தெம்பா இருக்குடே, அங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்கன்னாரு. சிரிச்சா விலா வலிக்குதுன்னு எங்களை வேற ஏசினாரு."

அடுத்த லீவுல வந்தப்ப இடது கை சரியா மடங்கலையே, என்னன்னு கேட்டேனே. பாத்ரூம்ல வழுக்குச்சுன்னீங்க. என் கண்ணைப் பார்த்து எப்படிச் சொன்னீங்க?

ராசாத்தி இப்ப அல் கோபார்ல இருக்காள். உன் காதுகுத்தை மறந்த அப்பன்னு சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்தேன். நீங்க ஊருக்கு வர்றப்பல்லாம் கதவுக்குப் பின்னால போய் நின்னாளே, அது என்னாலதான். உங்க சாவுக்கு வந்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா அவளுக்கு ஒரு அப்பா கிடைச்சிருப்பாரே?

அவளை இங்க வரவழைக்கிறேன். அந்த வளைவுல அவளை நிறுத்தி, பாய் இல்லை, நானே என் வாயால எல்லாத்தையும் சொல்றேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

பாயை மன்னிச்சுட்டேன், சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர். பிரேக் இல்லாத லாரியைக் கொடுத்தவனைக்கூட விட்டுட்டேன். ஒரே ஒரு ஆளை மட்டும் மன்னிக்க மாட்டேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு தடவைகூட நான் வாய்விட்டுச் சொல்லாத பேரு. இப்ப எழுதுறேன்: ஆறுமுகப்பெருமாள்.

உங்க மாமன் மகள்,
சண்முகக்கனி