அருவாளுக்கு எத்தனை பாயிண்ட்

அக்காவுக்கு,

இன்று காலை நம் விளையாட்டின் விதிப் புத்தகத்தை மறுபடியும் ஜெராக்ஸ் போட்டேன். புதிதாக நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். ஏழாம் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. ஆயுதப் பட்டியல்: கம்புக்கு இரண்டு பாயிண்ட், அருவாளுக்கு நாலு. ஓரத்தில் உங்கள் கையெழுத்து: 'நடக்கிற காரியமா இது?'

திருக்கோகர்ணத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு ஞாயிறு விடுமுறை. மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஐந்து பேர் உள்ளே உட்கார்ந்து ஆடுவோம். நான் கதை சொல்ல, நீங்களெல்லாம் ஆளுக்கொரு வேடத்தில் புகுந்து பேச, அடிதடி வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். ஒவ்வொருவருக்கும் உயிர் இருபது பாயிண்ட்; அடி விழ விழ அதில் கழியும். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸான உங்களுக்கு முதல் நாளே அது பொறுக்கவில்லை.

"கழுத்துல அருவா பட்டவன், இன்னும் பதினாறு பாக்கி இருக்குன்னு எந்திரிச்சு வருவானா தம்பி? நான் தெனம் பாக்குறேன்."

"எல்லாரையும் ஒரே வெட்டுல கொன்னுட்டா அடுத்த வாரம் யாருக்கா வந்து ஆடுறது?"

நீங்கள் விடவில்லை. அருவாள் பட்டால் இன்னொரு பகடை, ஆறு விழுந்தால் ஆள் காலி, மிச்சப் பாயிண்ட் செல்லாது என்று விதி எழுத வைத்தீர்கள். அன்றைக்கே ஆட்டத்தில் இரண்டு பேர் செத்தார்கள். அதன்பின் ஒருவரும் ஆயுதத்தைத் தொடவில்லை. மூன்று வாரம் பஞ்சாயத்துப் பேசியே ஓட்டினார்கள்; எனக்கு எரிச்சலாக வந்தது. கடைசியில் நீங்களே இறங்கி வந்தீர்கள். "பக்கத்துல ஒரு ஆளு தன் வேலைய விட்டுட்டு, துணிய வச்சு அமுக்கிப் புடிச்சா பொழைப்பான். அதுவும் நான் பாத்ததுதான்." அந்த ஒரு திருத்தத்தில் விளையாட்டு உருப்பட்டது. எல்லோரும் ஒட்டி நின்று சண்டை போடப் பழகினார்கள்.

உங்களுக்கு நோய் உறுதியான வாரமும் வந்தீர்கள். "பாவம் பாத்து எனக்குன்னு எதையும் மாத்தாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தீர்கள். அன்று ஆட்டத்தில் உங்கள் ஆளான காவல்காரன் கண்மாய்க் கரையில் தனியாக மாட்டிக்கொண்டான். அருவாள் பட்டது. அமுக்கிப் பிடிக்கப் பக்கத்தில் ஆளில்லை. வழக்கம்போல் பரீட்சை அட்டையை நிறுத்தி, அதன் மறைவில் பகடையை உருட்டினேன். ஆறு விழுந்தது. "நாலு" என்றேன்.

நீங்கள் கைதட்டிச் சிரித்தீர்கள். என் ஆளு சட்டப்படி பொழைச்சான் என்று வார்டு முழுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். நான் பார்க்க வந்தபோதெல்லாம், படுத்தபடியே அவன் கதையைத்தான் கேட்டீர்கள். உண்மையைச் சொல்ல வாயெடுத்து, ஒவ்வொரு தடவையும் முழுங்கிக்கொண்டேன். ஐந்து மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள்.

போன ஞாயிறு, குளத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்ணின் ஆளுக்கு ஆறு விழுந்தது. ஆறு என்றே சொன்னேன். முகம் வாடிப்போனாள். வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து, புது ஆளுக்குப் பெயர் யோசிக்க ஆரம்பித்தாள். உங்கள் விதியில் ஒரு குறையும் இல்லை அக்கா. நான் அதை மீறியது அந்த ஒரே ஒரு தடவைதான். அதுவும் நீங்கள் கூடாது என்று சொல்லிவைத்த பிறகு. உங்களை ஏமாற்றினேன் என்பது இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் அந்த மதியம் திரும்ப வந்தால், நாலு என்றுதான் சொல்வேன்.