நடு ஆற்றில் சுட மாட்டார்கள்

1952 ஜூலை 6, ஞாயிறு

முதலில் என் எழுத்துக்கு மன்னிப்பு. வரி கோட்டில் நிற்கவில்லை, ஏறுகிறது, இறங்குகிறது. நாற்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு உளி பிடித்த கை பென்சிலையும் அப்படித்தான் அழுத்துகிறது. காலையிலிருந்து மூன்று முறை முனை ஒடிந்துவிட்டது. யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? இதைப் படிக்கப் போகிறவனும் மத்தியாஸ்தான். சரி, மன்னித்துவிட்டேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வீட்டு மவுரீன் டீச்சர் ஐந்து மாதமாகப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குப் பாடம் நடத்துகிறார். பதினோரு பேரில் நான்தான் மூத்தவன், அறுபத்திரண்டு. "தெனம் நாலு வரி எழுதுங்க தாத்தா. எழுதலன்னா கை மறந்துடும்" என்றார். அதற்குத்தான் இந்த நோட்டு.

இன்றைய செய்தி. உதுமான் தன் சம்பான் படகை விற்கிறான்.

ஜூலை 7

நேற்று கை வலித்து நிறுத்திவிட்டேன். மீதி இது.

உதுமானுக்குக் கோலசிலாங்கூரில் ஆற்றோரம் மளிகைக் கடை. இந்தச் சம்பானில் அரிசி, சீனி ஏற்றி ஆற்றோரக் கம்பங்களுக்கு, மலாய்க்காரர் கிராமங்களுக்கு, கொண்டுபோய் விற்றான். அவசரகாலச் சட்டம் வந்தபின் சாமான் கடையை விட்டு வெளியே போகக்கூடாது. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் காட்டுக்காரர்கள் கைக்குப் போய்விடுமாம். சம்பான் கடைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கிறது.

"முப்பத்தஞ்சு வெள்ளி குடுங்க, எடுத்துக்கிட்டுப் போங்க அண்ணே. கோழி வந்து முட்டை போடுது அதுல" என்றான்.

என்னிடம் இருக்கிறது. தோட்டத்தில் வேலையிலிருந்து பெயர் வெட்டியபோது கொடுத்த பணம் அப்படியே இருக்கிறது.

ஜூலை 8

மகன் அம்புரோஸிடம் சொன்னேன். சோற்றில் கை வைத்திருந்தான், எடுத்துவிட்டான்.

"அப்பா, கம்பி வேலிக்குள்ள வச்சிருக்கான் நம்மள. காலைல ஆறு மணிக்குக் கேட் தொறக்குறான், சாயந்திரம் ஆறுக்குச் சாத்துறான். இதுல படகா?"

"பன்னெண்டு மணி நேரம் தொறந்துதானே இருக்கு?"

மருமகள் மாடில்டா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

ஜூலை 9

இன்று அம்புரோஸ் எனக்கு முன்பே சாப்பிட்டு எழுந்துவிட்டான். நான் பிறகு சாப்பிட்டேன்.

ஜூலை 10

ஏன் படகு? எழுதிப் பார்க்கிறேன். டீச்சர் சொன்னார், எழுதினால் யோசனை நேராகுமாம்.

இத்தனை வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் உட்கார்ந்துதான் தூண்டில் போட்டேன். இப்போது கரைப் புதருக்குள் ஆள் அசைந்தால் சுடுவார்கள், கேள்வி இல்லை. நடு ஆற்றில், நம்பர் போட்ட படகில், பெர்மிட் வைத்துக்கொண்டு இருப்பவனைச் சுட மாட்டார்கள். ஆகவே மீன் பிடிக்க வேண்டுமென்றால் படகு வேண்டும்.

சாயந்திரம் ஐந்து மணிக்குள் துடுப்பைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். படகைச் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும். செய்துவிட்டால் போகிறது.

ஆறு ஏறித்தானே மீன் வரும், தண்ணீர் உன் கேட் நேரம் பார்த்தா ஏறும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். பார்த்துவிடலாம். ஆற்றுப் பாலம்வரை நடந்துபோய்த் தினமும் குறித்து வருகிறேன். பௌர்ணமியன்று காலை ஏழுக்கு நிறைந்தது. இன்று ஒன்பதரைக்கு. ஒரு நாளைக்கு முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போகிறது. பகலில் ஒரு ஏற்றம், இரவில் ஒரு ஏற்றம். இரவு ஏற்றத்தைச் சர்க்கார் வைத்துக்கொள்ளட்டும். பகல் ஏற்றம் எனக்கு.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் நோட்டு சொன்னது!

ஜூலை 13, ஞாயிறு

முட்டாள். முட்டாள். முட்டாள்.

இன்று உதுமான் சம்பானைத் தண்ணீரில் இறக்கித் தருவதாகச் சொல்லியிருந்தான், ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய. விடியும் முன் எழுந்து, எப்போதும் செய்கிற மாதிரி, நேற்றைய சோற்றைத் தேங்காய்ச் சக்கையோடு பிசைந்து உருட்டினேன். தூண்டில் இரை. கெளுத்திக்கு அதுதான் பிடிக்கும். வெற்றிலைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.

சோறு! வேலியைத் தாண்டி ஒரு பருக்கை போகக்கூடாது என்று ஒரு வருடமாகக் கத்துகிறார்கள். கைக்குழந்தையின் பால் போத்தலைக்கூட முகர்ந்து பார்க்கிறார்கள். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போய் வருகிறார்கள். நான் ஒன்பது உருண்டை எடுத்துப் போயிருக்கிறேன். கை பழக்கத்தில் செய்தது, தலை அதில் சேரவில்லை.

லோரியில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். மலாய்க்கார சார்ஜன் உருண்டைகளை மேசையில் வரிசையாக வைத்தார். யாருக்கு என்றார்.

"இக்கானுக்கு, துவான். மீனுக்கு."

"உன் மீன் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கிறது?" என்று மலாயில் கேட்டார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், அதற்கு ஓர் அதட்டல் கிடைத்தது. நாலு மணிவரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கடைசியில் அவரும் தூண்டில்காரர் போலிருக்கிறது, ஓர் உருண்டையை விரலால் அமுக்கிப் பார்த்து, தேங்காய் அதிகம் என்றார். விட்டுவிட்டார்.

ஜூலை 14

அம்புரோஸ் நேற்று ராத்திரி கத்தினான். வாழ்நாளில் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை.

"என் பேரு தோட்டத்து வேலைச் செக்ரோல்ல இருக்கு. ரெண்டு புள்ளைங்க இருக்கு. நீங்க லோரில ஏறிப் போனதை லயத்து வீடு மொத்தமும் பாத்துச்சு. மேல் டிவிஷன்ல ஒருத்தன் அரை கிலாஸ் அரிசியோட பிடிபட்டுப் போனான், இன்னும் திரும்பல லா!"

அவன் சொல்வதில் பொய் இல்லை. அதுதான் கஷ்டம்.

ஜூலை 15

ஆனாலும் போனேன், இன்னும் உதுமான் பெர்மிட்டில்தான். இரை மண்புழு. கேட்டில் டப்பாவைத் திறந்து காட்டினேன், காவல்காரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு போ போ என்றான். இதைத் தின்னக் காட்டுக்காரனும் வரமாட்டான்.

சம்பான் ஒழுகுகிறது. முன்பக்கம் இரண்டு இடம். துடுப்பு ஒன்று குட்டை. முதல் அரை மணி நேரம் வட்டம்தான் அடித்தேன், உதுமான் கரையிலிருந்து, "அண்ணே, ஆறு நேராத்தான் போகுது!" என்று கூவினான்.

பிறகு துடுப்பு கைக்கு வந்துவிட்டது.

நடு ஆறு. பின்னால் வேலை வாங்கும் மண்டோர் இல்லை. மணி அடிக்கவில்லை. எந்த மரத்தையும் எண்ண வேண்டியதில்லை. நீலக்கால் இறால் ஆறு கிடைத்தது, கெளுத்தி ஒன்று. உள்ளே கொண்டு வரும் மீனை யாரும் தடுப்பதில்லை, சட்டம் வெளியே போகும் சாப்பாட்டுக்குத்தான். மாடில்டா குழம்பு வைத்தாள். அம்புரோஸ் குழம்பை ஊற்றிக்கொண்டான், இறாலைத் தொடவில்லை.

ஜூலை 17

கோபத்தில் பென்சில் முனை மறுபடி ஒடிந்தது. மெதுவாக எழுதுகிறேன்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சிவானந்தம் ஆபீசுக்குக் கூப்பிட்டார். "உன் படகு பெர்மிட்டுக்கு எழுதி வச்சிருக்கேன் மத்தியாஸ். கட்டை விரல வச்சிட்டுப் போ." மைப்பெட்டியைத் திறந்தார். நான் காகிதத்தைக் கையில் எடுத்தேன்.

"தலைகீழாப் பிடிக்காத கிழவா" என்றார். சின்ன கிராணி சிரித்தான்.

தலைகீழாக இல்லை. தமிழில்தான் எழுதியிருந்தது. துரைக்கு வேண்டியதை இவர் இங்கிலீஷில் போட்டுக்கொள்வார். ஒவ்வொரு எழுத்தாகப் போனேன். எவ்வளவு நேரம் ஆயிற்றோ, சின்ன கிராணி சிரிப்பதை நிறுத்திவிட்டான். பிறகு சத்தமாகப் படித்தேன்.

"எனக்கு வயதாகிவிட்டதாலும், கண் சரியாகத் தெரியாததாலும், சம்பான் பெர்மிட் எனக்கு வேண்டாம் என்று என் சொந்த விருப்பத்தில்..."

அங்கே நிறுத்தினேன்.

"கண்ணு தெரியாதவன் இத எப்படிய்யா படிச்சான்?"

கிராணி மைப்பெட்டியை மூடினார். முகம் சிவந்துவிட்டது. "உன் மகன்தான்யா வந்து கேட்டான். உன் நல்லதுக்கு. படகு வச்சிருக்கிறவன் பேரு என் லயத்துப் பட்டியல்ல இருந்தா அந்த வீட்டையே போலீசுக்கு எழுதிக் குடுக்கச் சொல்லி ஆர்டர் இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

என் மகனா? ஏன்டா, என்னை என்னன்னு நெனச்ச? எங்கிட்ட வந்து நேராக் கேக்க மாட்டியா நீ? தோட்டத்துல பேரு வெட்டுனப்பவும் இந்த விரலத்தான் வச்சேன், போனஸு பேப்பருன்னாங்க. அதோட போதும்.

ஜூலை 18

மாடில்டா சொல்கிறாள், அவன் மூன்று நாளாகத் தூங்கவில்லையாம்.

ஜூலை 19

இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். மிஞ்சியது இது.

படகை விடுவதா? விட்டால் இந்த வீட்டு மூலையில் உட்கார்ந்து, அவன் கொண்டு வருவதைத் தின்று, பேரனின் பாடப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பேன். கெட்ட வாழ்க்கை என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வேண்டாம்.

படகை வைத்துக்கொண்டு இங்கேயே இருப்பதா? அப்படியென்றால் என் ஆசைக்கு அவன் பிள்ளைகள் வீட்டை அடகு வைக்கிறேன். அதுவும் வேண்டாம்.

கிராணி சொன்னது என்ன? படகுக்காரன் பெயர் லயத்துப் பட்டியலில் இருக்கக்கூடாது. அவ்வளவுதானே?

பெயர்தானே. எடுத்துவிடலாம்.

ஜூலை 21

காலையில் ஆபீசுக்குப் போய், வீட்டுப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி நானே எழுதிய காகிதத்தைக் கொடுத்தேன். மூன்று வரி. கிராணி வாங்கிப் படித்துவிட்டு, உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த ஆபீஸ் நாற்காலியில் இன்றுதான் உட்கார்ந்தேன். மரம் கெட்டியாகத்தான் இருக்கிறது, பெரிய விஷயமில்லை.

மத்தியானம் உதுமானிடம் முப்பத்தைந்து வெள்ளி. அவனுடைய கடைப் பின்கட்டில் அரிசி மூட்டை வைத்த அறை காலியாகக் கிடக்கிறது, ராத்திரி கடைக்குக் காவலாக இருந்தால் வாடகை வேண்டாம் என்றான். ஸ்டேஷனில் ஐசியில், அடையாளக் கார்டில், விலாசம் மாற்றினேன். சார்ஜன் பெர்மிட் கொடுத்தார். நம்பர் 114. வெள்ளைப் பெயிண்டில் நானே எழுதினேன். நாலு கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

அம்புரோஸ் வேலைக்குப் போயிருந்தான். மாடில்டாதான் டிரங்குப் பெட்டியைக் கேட்வரை தூக்கி வந்தாள். "மாமா, இது சரியில்ல" என்றாள். "தெரியும்" என்றேன்.

ஜூலை 24

தனியாகச் சமைத்தேன். உப்பு இல்லை. கடைக்குள்ளேயே இருந்துகொண்டு உப்பு மறந்தவன் நான் ஒருவன்தான்.

இறால் பதினாலு.

ஜூலை 27, ஞாயிறு

பூசை முடிந்து சம்பானைத் தண்ணீரில் தள்ளப் போனேன். அம்புரோஸும் மாடில்டாவும் பிள்ளைகளோடு படகுத்துறைக்கு வந்தார்கள்.

மாடில்டா வெறும் கையோடு நின்றாள். "உங்களுக்குக் குழம்பு எடுத்து வரலாம்னா கேட்டுல விடமாட்டான் மாமா" என்று கண்ணைத் துடைத்தாள். அழுகிற விஷயமா இது? நேற்றுப் பிடித்து உயிரோடு கூடையில் வைத்திருந்த கொடுவா ஒன்றைக் கொடுத்தேன். சாப்பாடு அந்தப் பக்கம்தான் போகலாம், இந்தப் பக்கம் வரக்கூடாது. அதனால் இனிமேல் நான்தான் கொடுப்பேன், அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். சர்க்கார் உத்தரவு.

அம்புரோஸ் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு சம்பானுக்குள் இறங்கி, பால் டின்னை எடுத்து, தேங்கிய தண்ணீரை இறைத்து வெளியே ஊற்ற ஆரம்பித்தான். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிராணியிடம் எழுதச் சொன்ன காகிதத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றுதான் பத்து நாளாக நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

இறைத்து முடித்து, முன்பக்கப் பலகையைத் தடவிப் பார்த்தான்.

"இங்கதான் ஒழுகுது. தாரு பூசணும்."

"ம்."

"அடுத்த ஞாயிறு எந்நேரம் தண்ணி ஏறும்?"

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். விரல்விட்டு ஒரு முறை, பென்சிலால் ஒரு முறை. பதினொன்றரைக்கு ஏற ஆரம்பிக்கும், ஐந்தரைக்கு நிறையும். பூசை முடித்து, தார் பூசிக் காய்ந்தபின் வந்தால்கூடச் சரியாக இருக்கும் என்றேன்.

"அஞ்சு மணிக்குத் துடுப்பு குடுக்கணும்ல?"

"நாலரைக்குத் திரும்பிடலாம்."

தலையை ஆட்டிவிட்டுப் போனான். கால்சட்டை முட்டிவரை நனைந்திருந்தது.

இந்த வாரம் காலை முழுதும் ஏற்றம், பென்சில் பிடிக்க நேரம் இருக்காது. அடுத்த வாரம் ஏற்றம் மத்தியானத்துக்குத் தள்ளிப் போகும், காலையில் சும்மாதான் இருப்பேன். அப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். அதற்குள் நாளைக்கு இன்னொரு துடுப்புக்குப் பலகை பார்க்க வேண்டும்.